இருபது மீட்டர் தள்ளி நில்லுங்கள்

எல்.இ.டி. திரை விற்கிற தொழிலில் பாதி நாள், வந்தவர்களைக் கொஞ்சம் பின்னால் போகச் சொல்வதிலேயே கழிந்துவிடும். துணிக்கடையில் வாடிக்கையாளரை உள்ளே வாங்க என்பார்கள். நகைக்கடையில் நாற்காலி போட்டு, குடிக்க ஏதாவது கொடுப்பார்கள். நாங்கள்தான் வந்தவரை வாசலுக்குத் தள்ளி, வாசலிலிருந்து சாலைக்குத் தள்ளி, சில சமயம் எதிர்ப்பக்க நடைபாதைக்கே அனுப்பிவைத்தோம். கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று பிழைத்தவர்கள், வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு சிரித்த முகமாக வீடு திரும்பியவர்கள் யாரானாலும் இதைப் படித்து ஒரு பெருமூச்சு விடலாம். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்.

ராயபுரம் கல்மண்டபம் பகுதியில் ஒரு சரக்குக் குடோனுக்குள் எங்கள் கடை. முதலாளி சகாயம், தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து வண்ணாரப்பேட்டையில் பருப்பு மண்டி வைத்த குடும்பத்தின் கடைசிப் பிள்ளை. பருப்பு பிடிக்காமல், அடகுக் கடைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் சிவப்பு எழுத்து ஓடுகிற பலகை செய்து கொடுத்துக்கொண்டிருந்தான். அந்தப் பலகைக்குத் தமிழ் எழுதித் தர ஆள் தேடியபோது, தமிழ் இலக்கியம் படித்துவிட்டு, கணவர் போன பிறகு திருவொற்றியூரில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்த நான் கிடைத்தேன். பள்ளிக்கூடத்தில் ஒரு நாளும் பாடம் நடத்தியதில்லை. கண்ணாடியையும் பருத்திப் புடவையையும் பார்த்து எல்லோரும் டீச்சர் என்றார்கள், நானும் மறுக்கவில்லை. மூன்றாவது ஆள் வியாசர்பாடி மாரி. சாரம் ஏறுவது, ஒயர் இழுப்பது, வருகிறவர்களைக் கேலி செய்வது எல்லாம் அவன் பொறுப்பு. இரண்டு பேரும் என் கடைசித் தம்பியின் வயது. அவன் என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

திரை என்பது ஒரு பலகை முழுக்கப் பதித்த சின்னச் சின்ன விளக்குகள். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் உள்ள தூரத்தைக் கம்பெனிக்காரர்கள் பிட்ச் என்பார்கள். நாங்கள் இடைவெளி என்றோம். இடைவெளி எத்தனை மில்லிமீட்டரோ, அத்தனை மீட்டராவது தள்ளி நின்றால்தான் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து படமாகும். பத்து என்றால் பத்து மீட்டர், இருபது என்றால் இருபது. இடைவெளி குறையக் குறைய விளக்குகளும் விலையும் ஏறும். ஆகவே யார் எங்கே நின்று பார்க்கப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் திரை வாங்கக் கூடாது. தொழிலே இவ்வளவுதான். சகாயம் அதைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே ஒன்று வாங்கிவிட்டான்.

பயறு பார்க்கிற கண்

அந்தத் திரை கப்பலில் வந்து துறைமுகத்தில் இறங்கியது. வேறு தேசத்தில் ஓடிக் களைத்த பழைய திரை, ஒரு வீட்டுச் சுவர் அளவு, இடைவெளி இருபது. மாரி அதைக் குடோனின் பின்சுவரில் பொருத்தினான். குடோனின் நீளமே இருபது மீட்டர் இல்லை. படம் சரியாகத் தெரிய வேண்டுமானால் வாசலைத் தாண்டிச் சாலையில் நிற்க வேண்டும், லாரிகள் அனுமதித்தால்.

குடோன் சகாயத்தின் அண்ணன் தங்கராஜ் அண்ணாச்சியுடையது. தம்பி என்னதான் வாங்கியிருக்கிறான் என்று பார்க்க ஒரு காலை நேரம் வந்தார். காலமெல்லாம் உளுந்தையும் துவரையையும் உள்ளங்கையில் கொட்டி, மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்துப் பழகிய மனிதர். திரையில் அலை புரளும் கடலைப் போட்டுவைத்திருந்தோம். அவர் நேராக அதனருகே போய், கண்ணாடியை ஏற்றிவிட்டு, முகத்தை ஒட்டவைத்துப் பார்த்தார். ஒரு விளக்கைக் கட்டைவிரலால் தேய்த்தார், சாயம் ஏற்றியிருக்கிறதா என்று பார்க்கிறவர்போல. அண்ணாச்சி, வாசல் வரைக்கும் வந்து பாருங்கள் என்றேன். தூரத்தில் நின்றால்தான் நன்றாயிருக்கும் என்கிற சரக்கை அவர் வாங்கியதுமில்லை, விற்றதுமில்லை என்றார். பிறகு சகாயத்திடம் தீர்ப்பைச் சொன்னார். ராயபுரம் மாதா திருவிழாக் கொடியிறக்கம் வரைக்கும் பொறுப்பார். அதற்குள் இந்தத் திரை உருப்படியானது என்று அவருக்குத் தெரியவில்லை என்றால் குடோனில் புளி மூட்டை ஏறும், தம்பி மண்டிக்கு வந்து உட்கார வேண்டும். நானும் மாரியும் எங்கே உட்கார வேண்டும் என்பதை அவர் சொல்லவில்லை. போகும்போது திரும்பிப் பார்த்துச் சொன்னது இது: "கடலுங்கே, அலைங்கே. எங்கல இருக்கு? செவப்பு, பச்சை, நீலம்னு மூணு தினுசுப் பயற ஒண்ணாக் கொட்டிலா வச்சிருக்க."

பந்தி வாசலில் நின்றவர்கள்

முதல் வேலை திருவொற்றியூரில் ஒரு கல்யாண மண்டபம். மண்டபக்காரருக்குத் திரை மேடையை ஒட்டியே இருக்க வேண்டும். முன்வரிசையில் இருப்பவர்களுக்குத் தெரியாது, கூடத்தின் கடைசிக்குத்தான் தெரியும் என்று நான் கையைக் காலை ஆட்டி விளக்கினேன். பெரிதாக இருந்தால் எல்லோருக்கும் தெரியும் என்று அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். பெரியது எப்படித் தெரியாமல் போகும்?

முன்வரிசையில் இரண்டு பக்கத்துச் சம்பந்திகளும் உட்கார்ந்து, கண்ணைச் சுருக்கிச் சுருக்கி, மணமக்களை விட்டுவிட்டு விளக்குகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு பந்திக் கூடத்திலிருந்து வெளியே வந்தவர்களுக்கு மட்டும், அந்த வாசலில் நின்றபோது, மணப்பெண்ணின் மூக்குத்தி முதற்கொண்டு அத்தனையும் தெளிவாகத் தெரிந்தது. ஒருவரும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. உள்ளே இருந்தவர்கள் வெளியே வர வழியில்லை, அடுத்த பந்திக்குக் காத்திருந்தவர்கள் உள்ளே போக வழியில்லை. சமையல்காரர் கரண்டியோடு வந்து திட்டினார். பிறகு அவரும் தாலி கட்டும் காட்சியைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். முன்வரிசையிலிருந்து எழுந்து என்னைத் தேடிவந்தவள் பெண்ணின் சித்தி. குரலைத் தாழ்த்தி, மிகவும் கவலையோடு கேட்டாள்: "இன்னா டீச்சர் இது? பொண்ணு பாக்க வந்தப்ப மாப்ள மூஞ்சி வழவழன்னு இருந்துச்சு. உங்க டிவில அம்மை போட்டாப்புல கீது. உண்மை எது?"

காணாமல் போன பந்து

அடுத்து வந்தது தண்டையார்பேட்டை வாலிபர் மன்றம். இந்தியா ஆடும் ஆட்டத்தைத் திடலில் போட வேண்டும் என்றார்கள். திறந்தவெளி, கூட்டம் தள்ளித்தான் நிற்கும், நம் இடைவெளிக்கு இதுதான் இடம் என்று சகாயம் துள்ளினான். அண்ணாச்சிக்கும் ஆள் அனுப்பினான், வந்து பாருங்கள் என்று. நல்லவேளை, அன்று மண்டிக்குச் சரக்கு வந்துவிட்டது, அவர் வரவில்லை.

ஆட்டம் தொடங்கியபோது அருமையாகத்தான் இருந்தது. புல்லின் பச்சை, சட்டைகளின் நீலம், மட்டையாளரின் தலைக்கவசம் எல்லாம் அப்படியே கண்ணுக்குள் வந்து இறங்கின. பந்துவீச்சாளர் ஓடிவந்தார், கையைச் சுழற்றினார், மட்டை சுழன்றது, ஆடுகிறவர்கள் எல்லோரும் இடப்பக்கம் ஓடினார்கள். பந்தைத்தான் காணவில்லை. தொலைக்காட்சிப் படத்தில் பந்து எவ்வளவு சிறியது என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. எங்கள் திரையில் அது ஒரு புள்ளிக்கும் குறைவு. ஒரு புள்ளிக்கும் குறைவானது எதுவும் எங்கள் திரையில் இருக்க முடியாது. கூட்டம் சிக்ஸர் என்று நினைத்து விசிலடித்து முடித்தபோது, மட்டையாளர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடந்துகொண்டிருந்தார். ஓரமாகப் போட்டிருந்த ரன் கணக்கும் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது.

கடைசியில் அவர்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். திடலுக்கு எதிரே டீக்கடையில் ஒரு சின்ன டிவி. அங்கே ஒருவரை நிறுத்தி, ஒவ்வொரு பந்துக்கும் என்ன ஆயிற்று என்று அவர் கத்த, இங்கே கூட்டம் திரையைப் பார்த்துக் கைதட்டியது. ஆட்டம் முடிந்ததும் மன்றத் தலைவர் எங்களிடம் வந்தார். சண்டைக்கு வரவில்லை. ஜெயித்த மகிழ்ச்சியில் இருந்தார். "யக்கா, ஆட்டம் உங்க படத்துல ஓடுது, பந்து டீக்கடை டிவில ஓடுது. அடுத்த தபா ரெண்டையும் ஒண்ணா சேத்து இட்டாந்துருங்க, இன்னா?"

பத்திரிகைத் துண்டு

ஒரு மழை நாள். வேலை எதுவும் வரவில்லை. முந்தைய வெள்ளத்தில் என் வீட்டில் தண்ணீர் புகுந்து, இருந்த புகைப்படங்களை எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டவைத்துவிட்டுப் போயிருந்தது. மிஞ்சியது ஒரு பத்திரிகைத் துண்டு. கணவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் வாசலில் கூடிய கூட்டத்தின் படம், பின்வரிசையில் அவர். விளக்குகளின் பற்றவைப்பைப் பார்க்கக் கடையில் ஒரு பூதக்கண்ணாடி உண்டு. அதை எடுத்து வைத்துப் பார்த்தேன்.

மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து கறுப்புப் புள்ளிகள் இருந்தன. கண்ணுக்கு ஒன்று. இன்னும் கிட்டே போனேன், அந்த ஒன்றும் மை பரவிய காகிதமாகிவிட்டது. ஊரையெல்லாம் பின்னால் போகச் சொன்ன நான், இதற்கு மட்டும் இன்னும் கிட்டே குனிந்துகொண்டே போனேன். மாரி ஒயர் சுற்றிக்கொண்டிருந்தவன், வந்து என் கையிலிருந்து துண்டை வாங்கிக்கொண்டு நாலடி தள்ளி வாசலுக்குப் போனான். அங்கே நின்று அதை மார்புக்கு நேரே பிடித்தான். மழை வெளிச்சத்தில் பின்வரிசையில் ஒரு முகம் வந்தது. "கிட்ட வச்சிக்கினு தேடுனா எப்டிக்கா ஆப்டுவாரு?" என்றான் மாரி. "தோ, அங்கேர்ந்தே பாரு. சாரு சிரிச்சிக்கினுதான கீறாரு."

வரிசையின் நீளம்

எண்ணூர் சாலையில் ஒரு தனியார் கன்டெய்னர் கிடங்கு. உள்ளே போக வேண்டிய லாரியின் எண்ணை வாசலில் திரை போட்டுக் காட்டலாம் என்று அதன் மேலாளருக்கு ஒரு யோசனை. அவர் கேட்ட ஒரே கேள்வி, வரிசையில் கடைசியாக நிற்கும் லாரிக்காரருக்கும் எண் தெரியுமா என்பது. வரிசை எதுவரைக்கும் நிற்கும் என்று கேட்டேன். சில நாள் திருவொற்றியூர் வரைக்கும் என்றார். அந்தத் தூரத்துக்கு என்ன இடைவெளி வேண்டும் என்று சகாயம் காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தான். ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில் ஒரு ஸ்கூட்டரையே நிறுத்தலாம் போலிருந்தது.

மேலாளர் விடவில்லை. நீங்களே நடந்து போய் எங்கிருந்து தெரிகிறது, எங்கிருந்து தெரியவில்லை என்று பார்த்துவிட்டு வாருங்கள் என்றார். மாரி வாசலில் ஒரு எழுத்துப் பலகையைத் தூக்கிப் பிடிக்க, நானும் சகாயமும் லாரிகளின் ஓரமாக, புழுதியில், நடந்துகொண்டே போனோம். எண் மங்கி, கோடாகி, சிவப்பு மினுக்கலாகி, பிறகு ஒன்றுமில்லாமல் போனது. லாரிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சோறு வடித்துக்கொண்டிருந்த ஓட்டுநர் ஒருவர் எங்களை நிறுத்தி விவரம் கேட்டார். சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, வடித்த கஞ்சியை ஓரமாக ஊற்றியபடி அவர் சொன்னார்: "நம்பரு தெரியாம இருக்கறதாலதாம்மா நிம்மதியா சோறு ஆக்கறேன். தெரிஞ்சா மட்டும் லாரி நவுந்துருமா?"

சாவி இருக்கும் இடம்

இந்த மூன்று வேலைக்குப் பிறகு சகாயம் தளர்ந்துவிட்டான். திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. மவுண்ட் ரோட்டு வியாபாரி ஒருவர், பெரிய திரையைக் கொடுத்துவிட்டு, இடைவெளி மிகக் குறைந்த சின்னத் திரை ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார். கதவளவுதான் இருக்கும், ஆனால் பக்கத்தில் நின்றாலும் படம் தெரியும். அண்ணாச்சி மூக்கை ஒட்டிவைத்தாலும் கொஞ்சமாவது கடல் தெரியும். சகாயம் முடிவே எடுத்துவிட்டான். தம்பி, இத்தனை வாடிக்கையாளரிடம் யார் எங்கே நின்று பார்க்கப் போகிறார்கள் என்று கேட்டோமே, இதை ஊருக்காக வாங்குகிறாயா அண்ணாச்சிக்காக வாங்குகிறாயா என்றேன். பெரிய திரையின் தூசியைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "ஊரு பாத்து என்ன டீச்சர் செய்ய? குடோன் சாவி அண்ணன் இடுப்புலல்லா கெடக்கு."

தொட்டவர்கள்

வியாபாரி வண்டியோடு வர வேண்டிய வாரத்தில் ராயபுரம் மாதா கோயில் பங்குச் சாமியார் வந்துவிட்டார். கோயில் சிறியது. திருவிழாவுக்கு வரும் கூட்டம் சாலையில் ரயில்வே கேட் வரைக்கும் நிற்கும். பாதிப் பேர் பூசையையும் மாதாவையும் பார்க்காமலே வீடு திரும்புகிறார்கள், அவர்களுக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். சகாயம் அவரைச் சாலையின் எதிர்ப்பக்கம் கூட்டிப்போய்த் திரையைக் காட்டினான். சாமியார் அங்கேயே திருவிழாவுக்கு இது வேண்டும் என்றார். மவுண்ட் ரோட்டு வியாபாரியைத் திருவிழா முடிந்து வரச் சொன்னோம்.

கோயில் மதிலோரம் திரையை ஏற்றினோம். இந்தத் தடவை தவறு நடக்கக் கூடாது என்று நாடாவை வைத்து அளந்து, இருபது மீட்டருக்கு இந்தப் பக்கம் யாரும் வராதபடி சவுக்குக் கழிகளைக் குறுக்கே கட்டினான் மாரி. கொடியேற்றத்து மாலை, வேலைக்கு வந்த நாளிலிருந்து முதன்முறையாக, யாரையும் பின்னால் போகச் சொல்லத் தேவையில்லை என்று நான் நிம்மதியாக நின்றுகொண்டிருந்தேன். கோயிலுக்குள் இருந்த மாதா, மாலையும் மெழுகுவர்த்தியுமாகத் திரையில் வந்தாள். கூட்டம் ஒரே குரலில் மரியே வாழ்க என்றது.

அடுத்த கணம், கருவாடு விற்கிற ஆரோக்கியமேரி சவுக்குக் கழிக்கு அடியில் குனிந்து இந்தப் பக்கம் வந்துவிட்டாள். பின்னாலேயே அவள் தெருப் பெண்கள் எல்லோரும். நாங்கள் பாதுகாத்த வெற்றிடத்தை நேராகக் கடந்துபோய், திரையின் கீழ்ப்பகுதியில் மாதாவின் பாதம் இருக்கும் இடம் என்று அவர்கள் நினைத்த இடத்தில் கையை வைத்து, அந்த விரலை முத்தமிட்டுக்கொண்டார்கள். ஒருத்தி மாலையை எங்கே மாட்டுவது என்று ஆணி தேடினாள். எங்கள் கணக்கில் கண் மட்டுமே இருந்தது. கையை நாங்கள் சேர்க்கவே இல்லை. பின்பக்கத்து ஒயர்களை நினைத்துப் பயந்து, சகாயம் திரையை அணைத்துவிடலாம் என்றான். நான் ஓடிப்போய் ஆரோக்கியமேரியின் தோளைத் தொட்டு, பழக்கத்தில், கொஞ்சம் பின்னால் போம்மா, இங்கே நின்றால் மாதா தெரியமாட்டாள் என்றேன். அவள் என்னைப் பாவமாகப் பார்த்தாள். "தெரில டீச்சர், இங்க வெறும் லைட்டுதான் கீது. அதான் தொட்டுட்டேனே. இப்ப போயி தள்ளி நின்னு பாக்கறேன்."

அண்ணாச்சியின் செருப்பு

மறுநாள் மாரி கழிகளை அவிழ்த்து, ஒருபுறம் நுழைந்து, தொட்டுவிட்டு, மறுபுறம் வெளியேறும்படி ஒற்றை வரிசைக்குப் பாதை கட்டினான். திரையின் கீழே, ஆள் கை எட்டும் உயரத்துக்கு, கண்ணாடி நெகிழித் தாள் ஒன்றை ஒட்டினான். பின்பக்கத்து ஒயர்களை மரப்பெட்டிக்குள் வைத்து மூடினான். அதன் பிறகு ஒரு தொல்லையும் இல்லை. தொட்டவர்கள் பின்னால் போனார்கள், பின்னால் நின்று பார்த்தவர்கள் தொட வந்தார்கள். ஆரோக்கியமேரி தானாகவே வரிசைக்குக் காவலாகிவிட்டாள்.

தேர்பவனி மாலையன்று அண்ணாச்சி வந்தார். விடிந்தால் கொடியிறக்கம். சலவை வேட்டி, புதுத் தோல் செருப்பு. சகாயம் சாரத்தின் மேலிருந்து பார்த்துவிட்டான், இறங்க முடியவில்லை. அண்ணாச்சி வழக்கப்படி நேராகத் திரையை நோக்கி நடந்தார். ஆரோக்கியமேரி மறித்தாள். பெரியவரானாலும் வரிசையில்தான் வர வேண்டும் என்றாள். வரிசையின் கடைசி எங்கே என்று கேட்டதற்கு ரயில்வே கேட்டுப் பக்கம் கையைக் காட்டினாள். அவர் தம்பியின் பெயரைச் சொல்லிப் பார்த்தார், அவளுக்கு அப்படி யாரையும் தெரியவில்லை. கூட்டம் அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே வந்து, மூடிய இரும்புக்கடையின் ஷட்டரோரம், நான் நின்ற இடத்தில் கொண்டுவந்து விட்டது. நானாக இருந்தால் இவ்வளவு தூரம் தள்ளியிருக்க முடியாது. என்ன டீச்சர், எங்கயுமே நிக்க விட மாட்டேங்காங்க என்று சலித்துக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

தேர் அப்போதுதான் முனை திரும்பியது. ஏணியின் மேல் நின்ற கேமராக்காரர் மாதாவின் முகத்தைக் கிட்டே கொண்டுவந்தார். திரை முழுக்க அந்த முகம். மல்லிகைச் சரத்தின் நிழல் கன்னத்தில் ஆடியது. மெழுகுவர்த்தியின் சுடர் காற்றில் சாய்ந்து, நிமிர்ந்து, மறுபடி சாய்ந்தது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். வாடிக்கையாளர் பார்க்கும்போது பேசக் கூடாது என்பது எனக்குத் தெரிந்த கொஞ்ச வியாபாரத்தில் ஒன்று. சற்று நேரத்தில் கீழே ஏதோ அசைந்தது. குனிந்து பார்த்தேன். அவர் சாலையின் ஈரத்திலும் மிதிபட்ட பூவிலும், ஒரு காலால் மறு காலின் செருப்பைக் கழற்றி, பிறகு அடுத்த காலின் செருப்பையும் கழற்றி, இரண்டையும் பாதத்தாலேயே ஓரமாகத் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு கைகூப்பி நின்றுகொண்டிருந்தார்.

தேர் கோயிலுக்குள் போய்க் கூட்டம் கலைந்தபோதுதான் சகாயம் இறங்கி ஓடிவந்தான். வந்தவன் அண்ணனின் முகத்தையே பார்த்தான். நானும் தூரத்திலிருந்து வந்துசேர்ந்த மாரியும் பக்கத்தில் நின்றோம். அண்ணாச்சி திரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புளி மூட்டையைப் பற்றியும் சொல்லவில்லை. குனிந்து, ஷட்டர் ஓரத்தில் இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை தேடினார். செருப்பைக் காணோம். இடுப்பு வேட்டியை இறுக்கிக்கொண்டு, வெறுங்காலால் தரையை ஒரு முறை தட்டிவிட்டு, தம்பியிடம் அலுத்துக்கொண்டார்: "ஏல சகாயம், அடுத்த வருசம் இங்கன செருப்பு விடுததுக்குன்னு ஒரு எடம் கட்டி வையில. மாதாவப் பாத்துட்டு மனுசன் வெறுங்காலோட வண்ணாரப்பேட்ட வரைக்கும் போவ வேண்டியிருக்கு."

இப்போது எனக்கு இரண்டு கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது, கிட்டத்தில் இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றுபோலத் தெளிவாகவே தெரிகின்றன, ஆனாலும் யாரைப் பற்றியாவது ஒரு முடிவுக்கு வருவதற்கு முன்னால் பழைய தொழிலின் பழக்கத்தில் இரண்டடி பின்னால் போய், பெரும்பாலும் அங்கே நிற்பவர் காலை மிதித்து, மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.